மருந்தோடு மருந்து சேர்ந்தால்

தனித்தனியே நன்மை செய்யும் இரண்டு மருந்துகள் ஒன்றுசேர்ந்தால் தீங்கு விளைக்கக்கூடும் என்பதை நம்பச் சிலர் தயங்கலாம். ஆயினும் அது வைத்திய சாஸ்திரம் ஐயமறக் கண்ட உண்மை. இருதயத் துடிப்பின் விஷயத்தில் இவ்வுண்மையை ஜனங்கள் அறிந்திருப்பது மிகவும் அவசியமென்று கருதுகிறோம்.

ஆவடிக்கு அருகிலுள்ள வெள்ளானூர் போன்றதோர் ஊரில் வாழும் முதியவர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். ரத்த அழுத்தத்துக்காக ஒரு டாக்டர் மெட்டோப்ரோலால் கொடுத்திருக்கிறார். அதை அறியாமல், மார்வலிக்காக வேறொரு டாக்டர் வெராபமில் எழுதிவிடுகிறார். முன்னது, அட்ரினலின் இருதயத்தை முடுக்காதபடி தடுப்பது. பின்னது, துடிப்பைப் பிறப்பித்துக் கடத்தும் உயிரணுக்களுக்குள் கால்ஷியம் புகுவதைக் குறைப்பது. வழி வேறாயினும் இரண்டும் துடிப்பைத் தளர்த்துபவை. இரண்டும் கூடினால் நாடி நிமிஷத்துக்கு 40-க்கும் கீழே இறங்கி மயக்கமும், சில வேளைகளில் உயிருக்கே அபாயமும் நேரலாம்.

இருதயத்தோடு சம்பந்தமில்லாத மருந்துகளும் இவ்வாறு செய்வதுண்டு. மனச்சோர்வுக்குத் தரப்படும் ஃப்ளுவாக்ஸெடின், பராக்ஸெடின் ஆகியவை, மெட்டோப்ரோலாலைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தடுக்கின்றன. உண்ணும் மாத்திரை அதே அளவாயினும், ரத்தத்தில் அம்மருந்து பன்மடங்கு பெருகிவிடுகிறது. கண்ணழுத்த நோய்க்கு விடும் டிமோலால் சொட்டு மருந்துங்கூட ரத்தத்தில் கலந்து நாடியைத் தளர்த்தவல்லது.

குற்றம் மருந்துகளுடையதன்று. இவ்வினத்தில் முன்னோடியான ப்ரொப்ரனலாலைக் கண்ட ஜேம்ஸ் பிளாக் 1988-இல் நோபல் பரிசு பெற்றார். ஒரு டாக்டர் எழுதியதை மற்றொருவர் அறியாதிருப்பதே குற்றம். இத்தகைய மருந்துகளைச் சீட்டின்றி விற்கலாகாது என்று 1945-ஆம் வருஷத்து மருந்து விதிகள் கூறுகின்றன. ஆனால் பழைய மாத்திரை அட்டையைக் காட்டினாலே புது அட்டை கிடைத்துவிடுகிற கடைகள் உண்டு என்பதை யார்தான் அறியார்?

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரை வீடு தேடி வருகிறது. அதைக் கொண்டுவரும் ஊழியர், அழுத்தக் கருவி காட்டும் நாடி எண்ணையும் குறித்துக்கொண்டு, அவ்வீட்டு நோயாளி உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் ஒரே சீட்டில் எழுதித் தர வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு பிடிக்காது. சர்க்கார் இதைக் கவனிக்குமாறு வற்புறுத்துகிறோம்.

ஜனங்களுக்கும் கடமையுண்டு. சொட்டு மருந்து, நாட்டு மருந்து எதையும் மறைக்காமல் ஒவ்வொரு டாக்டரிடமும் சொல்லுங்கள். தலைசுற்றலோ மயக்கமோ வந்தாலும், நாடி 50-க்குக் கீழே போனாலும், தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். ஆனால் பயந்துபோய் மாத்திரையைத் தாமாகவே திடீரென நிறுத்திவிடலாகாது. அதனால் மார்வலி மிகுந்து மாரடைப்பும் நேர்வதுண்டு. கையிலொரு சீட்டு இருந்தால் காக்கக்கூடிய உயிர்கள், அது இல்லாத காரணத்தால் போவதை நாம் இனியும் பொறுத்திருக்கலாகாது.