மாமா கம்பெனி, அத்தை கம்பெனி

பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகையில் எழுதிப் பிழைக்கிறவனை உறவுக்காரர்கள் பதினொரு மாதம் மதிப்பதில்லை. ‘இன்னமும் எழுதிக்கிட்டுத்தான் இருக்கியா?’ என்று கவலையோடு விசாரிப்பார்கள். மார்ச் பிறந்ததும் அதே வாய், ‘தம்பி, ஒரு சின்ன டவுட்டு’ என்று ஆரம்பிக்கும்.

போன மார்ச்சில் அப்படி வந்த போன் மாமாவுடையது.

“மாப்ளே, நாளைக்குக் காலைல திருவாண்டார்கோயில் வந்துடு. சாஃப்ட்வேர்காரங்க வராங்க. கணக்கைப் பூரா இங்கிலீஷ்ல பேசுவாங்களாம். எங்க கணக்குப்பிள்ளைக்குக் கணக்கு தெரியும், இங்கிலீஷ் வராது. உனக்கு இங்கிலீஷ் வரும், கணக்கு...” என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். நாகரிகமான மனிதர்.

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் பஸ் பிடித்தேன். இந்த ரோட்டில் போவதே ஒரு வேடிக்கை. வில்லியனூர், அரியூர் வரைக்கும் புதுச்சேரி. கண்டமங்கலம் வந்தால் தமிழ்நாடு. கண்ணை மூடித் திறந்தால் திருவாண்டார்கோயில், மறுபடி புதுச்சேரி! சம்பந்தர் பாடிய வடுகூர் இதுதான். தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் இருக்கும் சோழர் காலத்துக் கோயில் ஒரு பக்கம், தொழிற்சாலைகள் மறுபக்கம்.

மாமாவுக்கு மூன்று கம்பெனி. திருவாண்டார்கோயிலில் பிளாஸ்டிக் மோல்டிங், அது மாமா பேரில். கண்டமங்கலத்தில் அந்தப் பாகங்களை வைத்து ஃபேன், மிக்ஸி அசெம்பிளி, அது அத்தை பேரில். நாலு லாரி வைத்து டிரான்ஸ்போர்ட், அது மகன் பேரில். ஆக, மாமா அத்தைக்கு விற்கிறார். மகன் வாடகை வாங்கிக்கொண்டு அப்பாவிடமிருந்து அம்மாவுக்குச் சரக்கு ஏற்றுகிறான். பத்து நிமிஷ தூரம்தான். ஆனால் நடுவில் மாநில எல்லை. புதுச்சேரியின் ஜி.எஸ்.டி. எண் 34-ல் ஆரம்பிக்கும், தமிழ்நாட்டுடையது 33-ல். புருஷன் பெண்டாட்டிக்கு ஒரு டப்பா பிளாஸ்டிக் மூடி கொடுத்தாலும் அது மாநிலம் விட்டு மாநில வியாபாரம்!

மகன் எம்.பி.ஏ. எனக்கு மச்சான் முறை. சாஃப்ட்வேர் அவன் ஐடியாதான்.

“மூணு கம்பெனி கணக்கையும் சேர்த்துப் பார்க்க ஏப்ரல் 20 ஆயிடுது மச்சான். இவரு நோட்டுல எழுதிக்கிட்டே இருக்காரு” என்று கணக்குப்பிள்ளையைக் கண்ணால் காட்டினான். “சாஃப்ட்வேர் வந்துட்டா அவருக்கு ரெஸ்ட் கொடுத்துடலாம்.”

கணக்குப்பிள்ளைக்கு வயசு அறுபத்து மூன்று. மாமாவிடம் முப்பது வருஷ சர்வீஸ். காதில் விழாத மாதிரி பேனாவுக்கு மூடி போட்டார்.

* * *

இந்தச் சேர்த்துப் பார்க்கிற சமாச்சாரத்துக்குப் பேர் கன்சாலிடேஷன். பயப்படாதீர்கள். புதுச்சேரி வாசகர்களுக்கு இது பிறவியிலேயே தெரிந்த விஷயம். புதுச்சேரி, காரைக்கால், கேரளத்துக் கரையில் மாஹே, ஆந்திராவுக்குள் ஏனாம். நாலும் ஒன்றை ஒன்று பார்த்தது கிடையாது, ஆனால் பட்ஜெட் ஒன்று! 2007 வரைக்கும் மத்திய அரசின் பொதுக் கணக்கோடுதான் நம் கணக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம்தான் தனிக்குடித்தனம்.

இன்னொரு உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. திருபுவனையில் வேர்ல்பூல் வாஷிங் மெஷின் தொழிற்சாலை. 1980-களில் டி.வி.எஸ்.ஸோடு கூட்டுச் சேர்ந்து வந்த கம்பெனி. 1990-களின் நடுவில் கெல்வினேட்டரோடு சேர்ந்து வேர்ல்பூல் ஆஃப் இந்தியா ஆனது. தாய்க் கம்பெனி அமெரிக்காவில் மிச்சிகனில். அந்தத் தாய் கையில் 75 சதவிகிதப் பங்கு இருந்தது. 2024 பிப்ரவரியில் 24 சதவிகிதத்தை விற்று 51 ஆக்கிக்கொண்டது. இங்கேதான் வேடிக்கை. 75 ஆனாலும் 51 ஆனாலும், கட்டுப்பாடு தாய் கையில் இருக்கிறவரை, இங்கே விற்கிற ஒவ்வொரு மெஷினின் விலையும் முழுசாக மிச்சிகன் கணக்கில் ஏறும். மற்ற பங்குதாரர்களுக்குச் சேர வேண்டிய லாபத்தைக் கடைசியில் ஒரு வரியில் பிரித்துக் காட்டுவார்கள். 2025 ஜனவரியிலோ, பங்கை 20 சதவிகிதம் அளவுக்குக் குறைக்கப்போவதாகத் தாய்க் கம்பெனி அறிவித்தது. கட்டுப்பாடு கைவிட்டுப் போனால் விற்பனை முழுசாக ஏறாது, லாபத்தில் பங்கு மட்டும்தான் ஏறும். மெஷின் அதேதான், அது சுற்றுவதும் அப்படியேதான். கணக்கு மட்டும் மாறிவிடும்!

துணைக் கம்பெனி வைத்திருக்கிறவர்கள் சேர்த்த கணக்கு காட்டியே தீர வேண்டும் என்பது 2013 கம்பெனிச் சட்டம். மாமாவின் மூன்றும் ஆளுக்கொரு பேரில் தனித்தனியாக இருப்பதால் சட்டம் அவரைக் கேட்காது. ஆனால் மாமா தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய நேரம் வந்திருந்தது. ஒன்றரைக் கோடியில் ஒரு புது மோல்டிங் மெஷின் வாங்குவதாக உத்தேசம். ஐந்து வருஷக் கடன், 11 சதவிகித வட்டி, மாசம் மூணேகால் லட்சம் தவணை. அத்தையின் நகைகள் உட்பட எல்லாம் பேங்க்குக்குப் போகும்.

* * *

நிற்க. சாஃப்ட்வேர்களின் ஜாதகத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

இந்த உலகில் 2007 ஒரு முகூர்த்த வருஷம். ஹைபீரியனை ஆரக்கிள் 330 கோடி டாலர் கொடுத்துக் கைப்பிடித்தது. அவுட்லுக்சாஃப்ட்டை எஸ்.ஏ.பி. அழைத்துக்கொண்டு போனது. டி.எம்.1 என்று ஒன்று. அதை வைத்திருந்த அப்ளிக்ஸை காக்னாஸ் விழுங்கியது. செரிப்பதற்குள் காக்னாஸையே வாங்க ஐ.பி.எம். வந்து நின்றது. மீனை விழுங்கிய கொக்கை முதலை விழுங்கின கதை. 2017-ல் இத்தாலிக்காரர்களின் டாகெட்டிக்கை வால்டர்ஸ் க்ளூவர் வாங்கியது. 2018-ல் அடாப்டிவ்வை வொர்க்டே வாங்கியது. அனாபிளானை 2022-ல் ஒரு முதலீட்டு நிறுவனம் ஆயிரம் கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. ஆகவே பொருத்தம் பார்க்கிறவர்கள் பெண்ணை மட்டும் பார்த்தால் போதாது. நாளைக்கு மாமனார் யாராக இருப்பார் என்றும் பார்க்க வேண்டும்.

குணத்தில் இரண்டு வகை. ஒன்று, போன வருஷத்தைப் பார்க்கிறது: எல்லாக் கணக்கையும் சேர்த்து, உள்ளுக்குள் நடந்த கொடுக்கல் வாங்கலைக் கழித்து, ஆடிட்டர் கேட்டால் ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று காட்டுவது. ஹைபீரியனும் டாகெட்டிக்கும் ஒன்ஸ்ட்ரீமும் இதில் பேர் எடுத்தவை. இன்னொன்று, அடுத்த வருஷத்தைப் பார்க்கிறது: பிளாஸ்டிக் விலை கிலோவுக்கு பத்து ரூபாய் ஏறினால் லாபம் என்ன ஆகும் என்று தட்டினால் உடனே சொல்வது. டி.எம்.1, அனாபிளான், அடாப்டிவ் எல்லாம் இதில் கெட்டி. எல்லோரும் ‘நாங்க ரெண்டுமே செய்வோம்’ என்பார்கள். கல்யாண வீட்டு சமையல்காரரிடம் கேட்டால் சைனீஸும் வரும் என்பார். சாம்பாரைச் சாப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய போட்டியாளர் ஒருவர் உண்டு. பேர் எக்ஸெல். ஏறக்குறைய இலவசம், யாருக்கும் தெரியும், எதற்கும் வளையும். தப்பு வந்தால் மட்டும் வாயைத் திறக்காது. 2012-ல் ஜே.பி.மார்கன் பேங்க் 600 கோடி டாலருக்கு மேல் இழந்தபோது, ஆபத்தை அளக்கிற கணக்கைக் கையால் காப்பி அடித்து எக்ஸெலில் ஒட்டிக்கொண்டிருந்தது தெரிய வந்தது. அதில் சராசரியால் வகுக்க வேண்டிய இடத்தில் கூட்டுத்தொகையால் வகுத்திருந்தார்கள். எக்ஸெலையே குறை சொல்லவும் முடியாது. 1994-ல் அமெரிக்காவின் மெகல்லன் ஃபண்டில் ஒரு கணக்கர் 130 கோடி டாலர் நஷ்டத்துக்கு முன்னால் மைனஸ் குறி போட மறந்துவிட்டார். நஷ்டம் லாபமாகி, கணக்கு 260 கோடி டாலர் தடம் புரண்டது. ஒரு சின்னக் கோடு, சார்!

நம்ம ஊர்ச் சின்னக் கம்பெனிகளுக்கு டாலி இருக்கிறது. 1986-ல் பெங்களூரில் அப்பாவும் பிள்ளையுமான கோயங்காக்கள் தொடங்கியது. அதிலேயே பல கம்பெனிகளை ஒரு குரூப்பாகச் சேர்த்துப் பார்க்கலாம். மாமாவிடம் ஏற்கெனவே டாலி இருந்தது. மூன்று கம்பெனியிலும் ஒரே செலவுக்கு மூன்று பேர். மாமா கம்பெனியில் ‘வண்டி வாடகை’, அத்தை கம்பெனியில் ‘லாரி சார்ஜ்’, மகன் கம்பெனியில் ‘அப்பா கணக்கு’.

* * *

சாஃப்ட்வேர்காரர்கள் இருவர் வந்தார்கள். (எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், காபி வாங்கிக் கொடுத்தார்கள்.) மூன்று டாலிக் கணக்கையும் தங்கள் பெட்டிக்குள் ஏற்றினார்கள். சுவரில் வண்ண வண்ணமாக வட்டம் விழுந்தது.

“சார், உங்க குரூப் டர்ன்ஓவர் போன வருஷம் 11.2 கோடி. இந்த வருஷம் 13 கோடி. 16 பர்சென்ட் க்ரோத்!”

மாமா நாற்காலியில் நிமிர்ந்தார். மச்சான் என்னைப் பெருமையோடு பார்த்தான். நானும் தலையாட்டினேன். கணக்குப்பிள்ளை மட்டும் தொண்டையைச் செருமினார்.

“மொதலாளி, அம்மாவுக்கு நாம வித்ததும் அதுல சேர்ந்திருக்குங்களே.”

அறையில் ஏ.சி. சத்தம் மட்டும் கேட்டது. கணக்குப்பிள்ளை தன் நீள நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். சிவப்பு மையில் எழுதியிருந்தது.

மோல்டிங் விற்பனை 5 கோடி. அதில் 4 கோடி அத்தைக்கு. அத்தையின் விற்பனை 7 கோடி, அத்தனையும் வெளியாளுக்கு. லாரி 1 கோடி, அதில் 60 லட்சம் நம்ம சரக்குதான். கூட்டினால் 13. உள்ளுக்குள் கைமாறின 4.6-ஐக் கழித்தால் 8.4 கோடி. போன வருஷம் உள்ளே கைமாறினது 2.9 கோடி. 11.2-ல் கழித்தால் 8.3.

ஆக வளர்ச்சி 16 சதவிகிதம் இல்லை. ஒன்றேகால் கூட இல்லை.

“முன்னாடி அம்மா மெட்ராஸ்ல வாங்கின பாகத்தையும் இப்ப நாமளே செய்யறோம். நல்லதுதான், நாலு காசு மிச்சம். ஆனா வெளியில இருந்து வர்ற காசு கூடலைங்க. அப்புறம், மார்ச் கடைசியில அம்மா கோடவுன்ல நம்ம சரக்கு 50 லட்சத்துக்குக் கிடக்கு. அதுல நம்ம லாபம் 20 பர்சென்ட், 10 லட்சம். அது இன்னும் விக்காத சரக்கு. அந்த லாபத்தையும் இப்ப எடுத்துக்கக் கூடாது.”

அதாவது, வலது பையிலிருந்து இடது பைக்கு மாற்றிய பணத்தை மாமா வருமானம் என்று எண்ணிக்கொண்டிருந்தார். புது மெஷின் செய்து தள்ளும் பாகங்களை வாங்க அத்தையைத் தவிர ஆள் இல்லை. அத்தையின் வியாபாரமோ நின்ற இடத்திலேயே நிற்கிறது.

மாமா சாஃப்ட்வேர்காரரைப் பார்த்தார். “இத ஏன் உங்க பொட்டி சொல்லலை?”

அவர் நியாயமானவர். மழுப்பவில்லை. “சொல்லும் சார். யாரு யாருக்கு வித்தாங்கன்னு நாம முதல்ல குறிச்சுக் கொடுக்கணும். அந்த லிஸ்ட் யார்கிட்ட இருக்கு?”

எல்லோரும் சிவப்பு மை நோட்டைப் பார்த்தோம்.

* * *

கதை ‘நோட்டே போதும்’ என்று முடியவில்லை. முடித்திருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும். சாயங்காலம் டீக்கடையில் நான் கணக்குப்பிள்ளையிடம், “கலக்கிட்டீங்க அய்யா” என்றேன். அவர் சிரிக்கவில்லை.

“போன ஐப்பசியில நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரியில இருந்தேன் தம்பி. படுத்துக்கிட்டு யோசிச்சேன். நான் போயிட்டா அந்தக் கடைசிப் பக்கம் யாருக்குப் புரியும்? மொதலாளிக்கே புரியாது. சின்னவரு சாஃப்ட்வேர் வேணும்னு சொல்றது தப்பில்ல. அதுக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் வேணும்.”

மறுநாள் மூவரும் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். மெஷின் தள்ளி வைக்கப்பட்டது. அத்தையின் நகைகள் தப்பித்தன. பெரிய சாஃப்ட்வேர் இப்போதைக்கு வேண்டாம். முதலில் மூன்று டாலியிலும் ஒரே செலவுக்கு ஒரே பேர். மாமா புத்தகத்தில் அத்தை 42 லட்சம் பாக்கி, அத்தை புத்தகத்தில் 39 லட்சம்தான் பாக்கி என்று நின்றிருந்ததையும் தேடினார்கள். மார்ச் 31 ராத்திரி கிளம்பிய லாரி கண்டமங்கலத்தில் ஏப்ரல் 1-ல் பதிவாகியிருந்தது! இனி மாசா மாசம் ஒப்பிட்டுச் சரிபார்ப்பது. சிவப்பு மைப் பக்கத்தைக் கணக்குப்பிள்ளை சொல்லச் சொல்ல மச்சான் கம்ப்யூட்டரில் ஏற்றுவது.

இந்த ஏப்ரலில் கணக்கு 5-ஆம் தேதியே முடிந்துவிட்டது. கணக்குப்பிள்ளைக்கு ‘ரெஸ்ட்’ கொடுத்துவிட்டார்கள்: மத்தியானம் ஒரு மணி நேரம், அதுவும் டாக்டர் சொன்னதால். மச்சான் அவரை ‘சார்’ என்கிறான்.

சாஃப்ட்வேர் வாங்கப் போகிறவர்களுக்கு என்னால் முடிந்த யோசனை ஒன்று. டெமோவில் வட்டத்தையும் கலரையும் பார்க்காதீர்கள். ‘என் வீட்டுக்காரிக்கு நான் வித்ததை எப்படிக் கழிப்பீங்க?’ என்று கேளுங்கள்.

அத்தைக்கு மட்டும் ஒரு வருத்தம் உண்டு. “அவர் எனக்கு வித்ததெல்லாம் கணக்குல கழிஞ்சிடுச்சுன்னு சொல்றீங்க. அப்ப நான் அவருக்குக் கொடுக்க வேண்டிய 42 லட்சமும் கழிஞ்சிடும்தானே?”

பி.காம். படித்தவன் நான். பதில் தெரியும். ஆனால் பஸ் வந்துவிட்டது.