கைக்கு வழிகாட்டும் அதிர்வு

பார்வையற்ற ஒருவருக்கு ஒரு கடிதம் வருகிறது. அது வங்கியிலிருந்து வந்ததா, மருத்துவமனையிலிருந்து வந்ததா என்பது அவருக்குத் தெரியாது. கடிதத்தைப் படித்துச் சொல்ல அவருடைய திறன்பேசியில் செயலி இருக்கிறது. ஆனால், தாள் முழுவதும் படக்கருவியின் பார்வைக்குள் அடங்கினால்தான் செயலியால் அதைப் படிக்க முடியும். திறன்பேசி சற்றுச் சாய்ந்தாலும் ஒரு மூலை விடுபட்டுப் போகும். மருத்துவரைப் பார்க்க வேண்டிய நாள் அந்த மூலையில் அச்சிடப்பட்டிருக்கலாம். பார்வையுள்ளவர் திரையைப் பார்த்துக் கையைத் திருத்திக்கொள்வார். பார்வையற்றவரோ அண்டை வீட்டாரை அழைக்க நேரிடும். அப்போது தம் சொந்தச் செய்தியையும் பிறரிடம் வெளிப்படுத்த வேண்டியிருக்கும்.

இந்தச் சிக்கலுக்குத் தீர்வு அவர் கையிலேயே இருக்கிறது. திறன்பேசிக்குள் சில நுண்ணிய உணரிகள் உள்ளன. முடுக்கமானி, புவியீர்ப்பைக் கொண்டு கருவியின் சாய்வை அறிகிறது. சுழற்சிமானி, கை எவ்வளவு திரும்புகிறது என்பதை அளக்கிறது. காந்தமானி திசையைக் காட்டுகிறது. இவற்றோடு அதிர்வை உண்டாக்கும் சிறிய இயந்திரமும் உள்ளது. உணரிகள் அறிந்ததை அதிர்வின் மூலம் விரல்களுக்குச் சொன்னால், திரையைப் பார்க்காமலேயே கருவியைச் சரியாகப் பிடிக்கலாம்.

இது வெறும் கற்பனையன்று. 2015இல் ஆப்பிள் கைக்கடிகாரம் வெளிவந்தபோது, அது மணிக்கட்டைத் தட்டி வழிகாட்டியது. வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால் சீரான 12 தட்டல்கள். இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் இரண்டிரண்டாக மூன்று முறை தட்டல்கள். 2022இல் கூகல் நிறுவனத்தின் பிக்சல் 7 திறன்பேசி, பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் தம்மைத் தாமே படமெடுக்க உதவும் வசதியுடன் வந்தது. குரலும் அதிர்வும் கைக்கு வழிகாட்ட, முகம் சரியான இடத்துக்கு வந்ததும் அது தானாகவே படமெடுக்கும்.

‘குரல் வழிகாட்டினால் போதாதா, அதிர்வு எதற்கு?’ என்று சிலர் கேட்கலாம். குரல் பயனுள்ளதுதான். ஆனால், சாலையைக் கடக்கும்போது பார்வையற்றவருக்குக் காதே கண்ணாகிறது. வாகனங்களின் ஓசையைக் கேட்க வேண்டிய அந்த நேரத்தில், திறன்பேசியின் குரல் அதை மறைத்துவிடக்கூடும். மதிய உணவு நேரத்தில் இரைச்சல் மிகுந்த உணவங்காடி நிலையத்தில் அந்தக் குரலே கேட்காமல் போகலாம். அதிர்வு காதை மறைப்பதில்லை. பக்கத்தில் நிற்பவருக்கும் எதையும் வெளிப்படுத்துவதில்லை. தொல்காப்பியம் உயிர்களை அவற்றின் அறிவைக் கொண்டு வகைப்படுத்தும்போது, தொட்டு அறியும் அறிவையே முதலாவதாக வைக்கிறது. அத்தகைய அடிப்படையான புலனைக் கருவிகள் இன்னும் முழுமையாகப் பயன்படுத்தவில்லை.

மற்றொரு தடையும் உண்டு. திறன்பேசிகள் ஏற்கெனவே அளவுக்கு மீறி அதிர்கின்றன. குறுஞ்செய்தி வந்தாலும் அதிர்வு, விளையாட்டில் வென்றாலும் அதிர்வு, விளம்பரம் வந்தாலும் அதிர்வு. எல்லாவற்றுக்கும் அதிர்ந்தால் எது எதைக் குறிக்கிறது என்பது விரலுக்குப் புரியாது. மேலும், ஒரு கருவியில் ‘சரி’ என்று பொருள்படும் தட்டல், மற்றொரு கருவியில் வேறொன்றைக் குறிக்கலாம். புதிய திறன்பேசி வாங்கும் ஒவ்வொரு முறையும் ஒருவர் புதிய மொழியைக் கற்க வேண்டுமா?

இதற்கு விடை பெருவிரைவு ரயில் நிலையங்களின் தரையில் இருக்கிறது. அங்குப் பதிக்கப்பட்டுள்ள மேடுபள்ளமான ஓடுகளை அன்றாடம் பலர் மிதித்துச் செல்கிறார்கள். நீண்ட கோடுகள் இருந்தால் ‘தொடர்ந்து நட’ என்று பொருள். புள்ளிகள் இருந்தால் ‘நின்று கவனி’ என்று பொருள். இந்த ஓட்டை 1965இல் உருவாக்கியவர் ஜப்பானியரான செய்ச்சி மியாக்கே. 1967இல் ஒக்காயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே அது முதன்முதலில் பதிக்கப்பட்டது. பின்னர் இடத்துக்கு இடம் வெவ்வேறு வடிவ ஓடுகள் தோன்றிக் குழப்பம் ஏற்பட்டது. 2001இல் ஜப்பான் தேசியத் தரம் ஒன்றை வகுத்தது. 2012இல் அனைத்துலகத் தரமும் வெளியிடப்பட்டது. இரண்டே குறிகள்தாம், ஆனால், அவற்றின் பொருள் மாறாததால் கால்கள் அவற்றை நம்புகின்றன.

கைகளுக்கும் அத்தகைய பொதுமொழி தேவை. ‘இடப்பக்கம் திருப்பு’, ‘வலப்பக்கம் திருப்பு’, ‘சரியாக இருக்கிறது’, ‘நில்’ ஆகிய நான்கு குறிகளே தொடக்கத்துக்குப் போதும். எந்த நிறுவனத்தின் கருவியாயினும் இவை மாறக்கூடாது. விளம்பரங்களுக்கும் விளையாட்டுகளுக்கும் இக்குறிகளைப் பயன்படுத்தக்கூடாது. நீரிழிவு நோயால் சிலருக்கு விரல்களின் உணர்ச்சி குறையக்கூடும் என்பதால், அதிர்வின் வலிமையைக் கூட்டவும் குறைக்கவும் வழி இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இம்மொழியை வகுக்கும்போது பார்வையற்றவர்களும் உடனிருக்க வேண்டும். பயன்படுத்தப் போகிறவரின் விரலைவிடச் சிறந்த தேர்வாளர் வேறு யாரும் இல்லை.

அதிர்வு எல்லாவற்றையும் செய்துவிடும் என்பதில்லை. எஃகுக் கட்டடங்களுக்கு அருகே காந்தமானி திசையைத் தவறாகக் காட்டக்கூடும். ஆகவே, வெள்ளைக் கோலின் இடத்தை அது பிடிக்க முடியாது. கோலுக்குத் துணையாகவே இருக்க முடியும். எனினும், அந்தத் துணை எல்லாருக்கும் பயன்படும். அறிமுகமில்லாத இடத்தில் வழி தேடுபவர் திரையையே பார்த்தபடி நடக்க வேண்டியதில்லை. இரு கண்களும் சாலையில் இருக்க, கை வழியை அறிந்துகொள்ளும்.

கடிதத்தைக் கையில் வைத்திருப்பவர் கேட்பது பெரிய உதவியன்று. திறன்பேசியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதை மட்டுமே அவர் அறிய விரும்புகிறார். அதைச் சொல்லும் திறன் கருவிக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு ஒரு பொதுமொழி கிடைத்துவிட்டால், அவர் தமக்கு வந்த கடிதத்தைத் தாமே முதலில் படிப்பார்.