நூலகக் கதவை ஏழு மணிக்குப் பூட்டுவது யாருக்காக?

"நூலகம் என்றால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து படிக்கிற இடம். அங்கே வகுப்பு எதற்கு? சொற்பொழிவு எதற்கு? பாட்டும் நாடகமும் எதற்கு? அதையெல்லாம் சங்க ஆபீசில் வைத்துக் கொள்ளட்டும்!"

இப்படியொரு வாதம் சில காலமாக நாட்டில் உலவி வருகிறது. அதிகாரிகள் சொல்கிறார்கள். அதிகாரிகள் சொல்வதைக் கேட்டு, படித்த கனவான்கள் சிலரும் சொல்கிறார்கள். கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருக்கிறது. படிக்கிற இடத்தில் கூச்சல் போடலாமா என்று கேட்டால் யார்தான் போடலாம் என்பார்கள்? ஆனால் இந்த நியாயத்தைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வேறு சரக்கு இருக்கிறது.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் கொண்டு வந்தது நம்முடைய ராஜ்யம்தான். 1948-ல் சென்னைச் சட்டசபை அதை நிறைவேற்றியது. மாவட்டந்தோறும் ஒரு நூலக ஆணைக்குழு இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அந்தக் குழு என்னென்ன செய்யலாம்? கட்டடம் எழுப்பலாம், நூல்களும் பத்திரிகைகளும் படங்களும், அன்றைய விஞ்ஞானம் தந்த சினிமா ரீல்களுங்கூட வாங்கி வைக்கலாம், சிப்பந்திகளை நியமிக்கலாம். அதே பட்டியலில் இன்னொரு விஷயமும் இருக்கிறது: சொற்பொழிவுகளுக்கும் வகுப்புகளுக்கும் ஏற்பாடு செய்யலாம்!

இதை எழுதியது கம்யூனிஸ்டுகளா? 1948-ல் நம் தோழர்கள் சிறைகளிலும் தலைமறைவிலும் இருந்தார்கள். எழுதியது காங்கிரஸ் மந்திரிசபை. அதற்கு வழி வகுத்துக் கொடுத்தவர் சீர்காழியில் பிறந்த கணித ஆசிரியர், சென்னைப் பல்கலைக் கழக நூலகராயிருந்த எஸ். ஆர். ரங்கநாதன். புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே என்பதை நூலகத்தின் முதல் விதியாக 1931-ல் அறிவித்த மனிதர் அவர். ஆக, சர்க்கார் சட்டத்தில் சர்க்காரே எழுதி வைத்த கடமையை நாம் கேட்டால், "சங்க ஆபீசுக்குப் போ" என்று விரட்டுகிறார்கள். சட்டத்தை மீறுவது யார்?

அடுத்தது பணம். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் நூலக வரி வசூலிக்கப்படுகிறது. சொந்த வீட்டுக்காரர் மட்டும் இதைக் கட்டுவதாக நினைக்க வேண்டாம். வாடகை வீட்டில் குடியிருக்கும் சுமை தூக்கும் தொழிலாளியின் வாடகைக்குள்ளும் அந்தக் காசு ஒளிந்து கொண்டிருக்கிறது. இப்படி வசூலாகும் தொகையை ஸ்தல ஸ்தாபனங்கள் அப்படியே நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். ஆனால் மாநகராட்சிகள் முதல் பஞ்சாயத்துகள் வரை வருஷக் கணக்கில் பாக்கி வைத்த கதை ஊரறிந்தது. கறிவேப்பிலை விற்கும் அம்மாள் தண்டல்காரனுக்கு ஒரு நாள் தவணை பாக்கி வைத்தால் வாசலில் வந்து நின்று கத்துகிறான். அந்த அம்மாளிடம் நூலகத்தின் பேரால் வாங்கிய காசை நூலகத்துக்குக் கொடுக்காமல் வைத்துக் கொண்டால் அதற்குப் பெயர் நிர்வாகம்!

தமிழ்நாட்டில் 4,600-க்கு மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. குக்கிராமம் வரைக்கும் பரவிய இந்த அமைப்பைச் சாமான்யமானது என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் பெரும்பாலான கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் எப்போது திறந்திருக்கின்றன? காலையில் சில மணி நேரம், மாலையில் சில மணி நேரம். ஆறு மணிக்கோ ஏழு மணிக்கோ கதவு சாத்தப்படும். மில் ஷிப்டு முடிந்து வருபவன் எத்தனை மணிக்கு வீடு சேர்கிறான்? கட்டட வேலைக்குப் போன சித்தாள் எத்தனை மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்குகிறாள்? அவர்கள் முகம் கழுவிக் கொண்டு தெருவுக்கு வரும் நேரத்தில் நூலகத்தில் பூட்டுத் தொங்குகிறது. உழைக்கிறவன் உள்ளே வரக்கூடாது என்று போர்டு எழுதி மாட்ட வேண்டிய அவசியமே இல்லை. கடிகாரமே அந்த வேலையைச் செய்து விடுகிறது.

நாம் வேலை செய்யும் மாவட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே இருக்கும் நூலகர் நல்லவர், அவருக்குத் தொல்லை வரக்கூடாது. பீடி சுற்றும் பெண்கள் இருபது பேர், நாற்பது வயதும் ஐம்பது வயதும் ஆனவர்கள், எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக் கொண்டார்கள். கற்றவுடன் முதலில் எதைப் படித்தார்கள் தெரியுமா? பீடிக்கடையில் கொடுக்கும் பாஸ் புத்தகத்தை! ஆயிரம் பீடி கொடுத்த நாளில் எத்தனை எழுதியிருக்கிறது, கழிவு என்று எத்தனை தள்ளியிருக்கிறது, கொடுத்த இலைக்கும் தூளுக்கும் கணக்கு நேராக இருக்கிறதா என்று விரல் வைத்துப் படித்தார்கள். பல வருஷமாகக் கைநாட்டு வைத்த புத்தகம் அப்போதுதான் பேச ஆரம்பித்தது. வைப்பு நிதி மனுவை எப்படிப் பூர்த்தி செய்வது, பத்திரிகையை எப்படித் தடுமாறாமல் படிப்பது என்று மேற்கொண்டு கற்க விரும்பினார்கள். வாரத்தில் இரண்டு நாள், இரவு ஏழிலிருந்து எட்டரை வரை, கிளை நூலகத்தின் பின்னறையைக் கேட்டு மனுக் கொடுத்தார்கள்.

நூலகர் சம்மதித்தார். சாவியை வைத்துக் கொண்டு தானே இருப்பதாகவும் சொன்னார். மேலே போன மனு, "நூலகத்தின் அமைதி கெடும்" என்ற பதிலோடு திரும்பி வந்தது. வாய்மொழியாக வந்த பதில் வேறு: "பின்னால் சங்கத்துக்காரர்கள் இருக்கிறார்கள், ஜாக்கிரதை." இதில் ரகசியம் என்ன இருக்கிறது? பின்னால் மட்டுமல்ல, முன்னாலும் சங்கத்துக்காரர்கள்தான் இருந்தார்கள். அந்தப் பெண்களே சங்கத்துக்காரர்கள்தானே!

இரண்டு மாதம் கழிந்தது. அதே அறையில் ஒலிபெருக்கி வைத்து, ஓய்வு பெற்ற பெரிய மனிதர் ஒருவர், "உன் வறுமைக்கு உன் மனமே காரணம்" என்ற தோரணையில் ஒன்றரை மணி நேரம் உபந்யாசம் செய்தார். அன்றைக்கு அமைதி கெடவில்லையாம். பீடிப் பெண்களின் வகுப்பு சங்க ஆபீஸ் திண்ணையில் ஒற்றை விளக்கடியில் நடக்கிறது. மழை பெய்தால் வகுப்பு இல்லை.

ஆகவே இந்தக் கனவான்கள் சத்தத்துக்குப் பயப்படவில்லை. பாஸ் புத்தகத்தைப் படிக்கத் தெரிந்த பெண்ணுக்குப் பயப்படுகிறார்கள். "நூலகத்தில் அரசியல் கூடாது" என்கிறார்களே, வறுமைக்கு மனம்தான் காரணம் என்று போதிப்பது அரசியல் இல்லையா? அது முதலாளியின் அரசியல். கூலிக் கணக்கு கற்பது தொழிலாளியின் அரசியல். முதலாவதற்கு நாற்காலியும் மைக்கும், இரண்டாவதற்குத் திண்ணை.

நூலகர்களை நாம் குறை சொல்லவில்லை. ஊர்ப்புற நூலகத்தில் ஒரே ஆள்தான் கூட்ட வேண்டும், புத்தகம் கொடுக்க வேண்டும், ரிஜிஸ்தர் எழுத வேண்டும், மேலதிகாரி வந்தால் பதில் சொல்லவும் வேண்டும். காலமுறைச் சம்பளத்துக்காக ஆண்டுக்கணக்கில் மனுக் கொடுத்தும் வீதியில் நின்றும் போராடியவர்கள் அவர்கள். இரவில் வகுப்பு நடத்த வேண்டுமென்று நாம் கேட்கும்போது, அதற்கு இன்னொரு ஆள், முழுச் சம்பளத்தோடு, என்பதையும் சேர்த்தே கேட்கிறோம்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் வாலிபர்கள் மீதும் நமக்கு வருத்தமில்லை. இன்று எந்த மாவட்ட நூலகத்துக்குள் நுழைந்தாலும் நாற்காலி நிறைய அவர்கள்தான். சோற்று டப்பாவோடு வந்து இருட்டும் வரை உட்கார்ந்திருக்கிறார்கள். வேலையில்லாக் கொடுமை அவர்களை அங்கே கொண்டு வந்து உட்கார வைத்திருக்கிறது. ஆனால் சர்க்கார் இந்தக் கூட்டத்தைக் காட்டி, நூலகத்தின் வேலையே இதுதான் என்று கணக்கை முடித்து விடப் பார்க்கிறது. தேர்வு எழுதும் வயது தாண்டிய மனிதனுக்கு அறிவு வேண்டாமா?

இதற்கு இன்னொரு கோடியில் நடந்த கூத்தையும் மறந்து விடக்கூடாது. 2010 செப்டம்பரில் சென்னைக் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. ஆட்சி மாறியது. 2011 நவம்பரில், அதைக் குழந்தைகள் ஆஸ்பத்திரி ஆக்கப் போவதாக மந்திரிசபை தீர்மானித்தது! ஆஸ்பத்திரி வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? வேறு இடத்தில் கட்டட்டும். எழுத்தாளர்களும் மாணவர்களும் பொதுமக்களும் கொதித்தெழுந்தார்கள், ஐகோர்ட் தடை விதித்தது, நூலகம் பிழைத்தது. இன்று அங்கே நடக்கும் "பொன்மாலைப் பொழுது" போன்ற நிகழ்ச்சிகளுக்கு மக்கள் திரண்டு வருகிறார்கள். நல்லது, வரவேற்கிறோம். 2023-ல் மதுரையிலும் ஒரு பெரிய நூலகம் எழுந்தது, அதையும் வரவேற்கிறோம். ஆனால் கோட்டூர்புரத்தில் நடக்கிற மாலைக் கூட்டம் கோவில்பட்டியிலும் குடியாத்தத்திலும் ஏன் நடக்கக்கூடாது? தலைநகரத்தில் பண்பாடு என்கிறார்கள். கிராமத்தில் அதையே கூச்சல் என்கிறார்களே!

முதியோருக்குப் படிப்புச் சொல்லிக் கொடுப்பதில் நம் நாட்டுக்கு அனுபவம் இல்லாமல் இல்லை. 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் ஆரம்பித்தபோது ஊரே பள்ளிக்கூடமாயிற்று. கல் உடைக்கும் பெண்கள் சிலேட்டுப் பிடித்தார்கள். ஆயிரமாயிரம் பெண்கள் சைக்கிள் விடக் கற்றார்கள். வீதி நாடகமும் பாட்டும் இல்லாமல் ஒரு வகுப்பும் நடக்கவில்லை. சத்தம் போட்டுத்தான் மக்கள் எழுத்தைக் கற்றார்கள்! பிறகு என்ன ஆயிற்று? இயக்கம் ஓய்ந்தது. வளர்கல்வி மையங்கள் என்று சில காலம் நடந்தது. 2009-ல் டில்லி வேறு பெயரில் வேறு திட்டம் கொண்டு வந்தது. அதுவும் 2018-ல் முடிந்தது. 2022-ல் இன்னொரு திட்டம் வந்தது. அதற்கு அஸ்திவாரமே சம்பளமில்லாத தொண்டர்கள். இப்படிப் பெயர்ப் பலகை மாறும் ஒவ்வொரு முறையும், நேற்றுக் கற்றவர் இன்று மறந்தார். கற்ற எழுத்தைக் கையில் பிடித்து வைக்க நிரந்தரமான ஓர் இடம் வேண்டும். அந்த இடம் ஊரில் ஏற்கெனவே இருக்கிறது. அதற்குப் பெயர் நூலகம். திட்டம் போடுகிறவர்கள் கண்ணுக்கு அது மட்டும் தெரிவதில்லை.

2011 ஜனத்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் எழுத்தறிந்த பெண்கள் நூற்றுக்கு 73 பேர். ஏழு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் நாலில் ஒருத்திக்கு எழுத்துத் தெரியாது என்று அர்த்தம். அவள் யார் வீட்டுப் பெண் என்று நாம் சொல்ல வேண்டுமா?

பக்கத்து ராஜ்யத்தைப் பாருங்கள். 1945-ல் அம்பலப்புழையில் பி. என். பணிக்கர் 47 கிராம நூலகங்களைக் கூட்டி ஒரு சங்கம் ஆரம்பித்தார். அது கேரள கிரந்தசாலைச் சங்கமாக வளர்ந்தது. வாசகசாலையில் பத்திரிகை படித்தார்கள், விவாதித்தார்கள், நாடகம் போட்டார்கள், இரவில் முதியோருக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்தார்கள். கண்ணூரில் பீடித் தொழிலாளிகள், தங்களில் ஒருவரைப் பத்திரிகை படிக்க வைத்து, அதைக் கேட்டுக் கொண்டே பீடி சுற்றினார்கள். 1975-ல் அந்தச் சங்கத்துக்கு யுனெஸ்கோ கொடுத்த விருதின் பெயர் என்ன தெரியுமா? குரூப்ஸ்கயா விருது! லெனினுடைய வாழ்க்கைத் துணைவி, சோவியத் நாட்டின் நூலகங்களைக் கட்டி வளர்த்த அம்மையாரின் பெயர்.

1989-ல் அங்கே வந்த சட்டம், நூலகங்களின் பிரதிநிதிகளே தாலுகா முதல் ராஜ்யம் வரை நூலகக் கவுன்சிலைத் தேர்ந்தெடுக்க வழி செய்தது. குறையே இல்லை என்று நாம் அளக்கவில்லை. நூலகர்களுக்குக் கிடைக்கும் படி சொற்பம்தான். ஆனால் அங்கே மாலையில் ஒரு கூட்டம் நடத்துவதற்கு ஜில்லா அதிகாரியின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. இங்கே ஆணைக்குழு என்பது ஆளுங்கட்சிப் பிரமுகருக்குத் தரும் நாற்காலி. அதுவும் இல்லாத காலங்களில் தனி அதிகாரியின் மேஜை. வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது.

லெனின் பெயர் வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறோம். 1913-ல் அவர் நியூயார்க் பொது நூலகத்தைப் பாராட்டி ஒரு சிறு கட்டுரை எழுதினார். ஆம், அமெரிக்க நூலகத்தைத்தான்! எத்தனை அபூர்வச் சுவடி இருக்கிறது என்பதில் பெருமை இல்லை, எத்தனை சாதாரண மக்கள் கைக்குப் புத்தகம் போய்ச் சேருகிறது என்பதில்தான் நூலகத்தின் பெருமை என்பது அதன் சாரம். முதலாளித்துவ நாடு செய்த நல்லதைச் சொல்ல அவர் கூசவில்லை. நம் அதிகாரிகளோ, தங்கள் சட்டம் சொன்ன நல்லதைச் செய்யக் கூசுகிறார்கள்.

"கையிலே செல்போன் இருக்கிறது, இன்னும் நூலகம் எதற்கு?" என்று கேட்பவரும் உண்டு. செல்போன் கம்பெனிக்காரன் எதைக் காட்ட விரும்புகிறானோ அதைத்தான் அது அதிகம் காட்டுகிறது. நம் பீடிப் பெண்களிடமும் செல்போன் இருந்தது. பாஸ் புத்தகத்தில் கழிவு எத்தனை என்று அது ஒரு நாளும் சொன்னதில்லை. இருபது பேர் ஓர் அறையில் உட்கார்ந்து, ஒருத்தி புத்தகத்தை மற்றொருத்தி படித்து, "உனக்கும் இப்படித்தானா?" என்று கேட்ட பிறகுதான் விஷயம் வெளிவந்தது.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை. ஒவ்வொரு கிளை நூலகமும் வாரத்தில் மூன்று நாளாவது இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்க வேண்டும். முதியோர் வகுப்புக்கும், சொற்பொழிவுக்கும், வாசகர் வட்டத்துக்கும் அறை கேட்டால் பதினைந்து நாளில் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். நூலக வரிப் பாக்கி எவ்வளவு என்று ஒவ்வொரு ஸ்தல ஸ்தாபனமும் போர்டில் எழுதிப் போட வேண்டும். ஆணைக்குழுவில் வாசகர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இடம்பெற வேண்டும்.

தோழர்கள் தங்கள் ஊர் நூலகத்துக்கு இந்த வாரமே போகட்டும். உறுப்பினராகச் சேரட்டும். மாலையில் கதவு பூட்டப்படும் நேரத்தைக் குறித்துக் கொள்ளட்டும். சங்கத்திலும், மாதர் அமைப்பிலும், வாலிபர் அமைப்பிலும் பேசி, குறைந்தது ஐம்பது கையெழுத்தோடு மாவட்ட நூலக அலுவலருக்கு மனு அனுப்பட்டும். கைநாட்டு வைப்பவர்கள் இருந்தால் அவர்களுடைய கைநாட்டும் அதில் இருக்கட்டும். மனுவின் நகலை நம் பத்திரிகைக்கு அனுப்பினால், வந்த பதிலோடும், பதில் வராவிட்டால் வரவில்லை என்ற குறிப்போடும் வெளியிடுவோம்.