நூலகப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் பணி: கோரிக்கை மனு

அனுப்புநர்
தலைவர், செயலாளர்,
தரவு உள்ளீட்டுப் பணியாளர் சங்கம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட நூலக அலுவலர் அவர்கள்,
மாவட்ட மைய நூலகம்.

பொருள்: நூல் இருப்புப் பதிவேடுகளை ஆக்சஸ் மென்பொருளில் ஏற்றுதல் – உள்ளீட்டுப் படிவம், தமிழ்த் தட்டச்சு, தரவுப் பாதுகாப்பு, கூலிப் பிடித்தம் – கோரிக்கைகள் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

கிளை நூலகங்களின் இருப்புப் பதிவேடுகளைப் பார்த்து ஆக்சஸ் மென்பொருளில் ஏற்றும் பணியை எங்கள் உறுப்பினர்கள் செய்து வருகின்றனர். சரிபார்ப்பில் பிழை தென்பட்டால் அந்தப் பதிவுக்கான தொகை கூலியில் பிடிக்கப்படுகிறது. கவனக்குறைவால் நேரும் பிழைக்கு நாங்களே பொறுப்பு. ஆனால் திரும்பத் திரும்ப வரும் பிழைகள் பலவும் அட்டவணையின் அமைப்பிலிருந்தே வருகின்றன. அவற்றைக் களைய வேண்டிக் கீழ்க்காணும் கோரிக்கைகளை முன்வைக்கிறோம்.

1. உள்ளீட்டுக்குத் தனிப் படிவம் வேண்டும். இப்போது அட்டவணையைத் திறந்து அதிலேயே தட்டச்சு செய்கிறோம். டேப் விசையால் ஒரு கட்டத்துக்கு நகர்ந்ததும் அதிலுள்ளது முழுவதும் தேர்வாகிவிடும். கை தவறி ஓர் எழுத்தை அழுத்தினால் பழைய விவரம் போய் அந்த எழுத்து மட்டும் நிற்கும். அடுத்த வரிசைக்குப் போனதும் ஆக்சஸ் எதையும் கேட்காமல் சேமித்துவிடும். புதிய பதிவை மட்டும் காட்டும் படிவம் அமைத்து, பழையவற்றைத் திருத்தும் பொறுப்பைச் சரிபார்ப்பவரிடம் தர வேண்டும்.

2. புலங்களுக்கு உரிய விதிகள் வேண்டும். தானியங்கி எண்ணே முதன்மைத் திறவுகோலாக இருப்பதால் ஒரே நூல் இருமுறை ஏறினாலும் மென்பொருள் தடுப்பதில்லை. கிளைக் குறியீடும் சேர்க்கை எண்ணும் சேர்ந்து இரண்டாம் முறை வராதபடி கட்டுப்பாடு வைக்க வேண்டும். ஐஎஸ்பிஎன் புலம் எண் வகையில் உள்ளது. பத்து இலக்க ஐஎஸ்பிஎன்னின் கடைசியில் எக்ஸ் வரக்கூடும் என்பதால் அது எழுத்து வகையில் இருக்க வேண்டும். 1970க்கு முந்தைய தமிழ் நூல்களுக்கு அந்த எண்ணே கிடையாது. அதைக் கட்டாயப் புலமாக்கியிருப்பதால் பூஜ்யம் போட்டுத்தான் நகர முடிகிறது. ஆசிரியர், பதிப்பகப் பெயர்களைப் பட்டியலிலிருந்து தேர்வு செய்யும் வசதி தந்தால் ஒரே பெயர் பலவாறு பதிவாகாது.

3. எல்லாக் கணினிகளிலும் நாள்-மாதம்-ஆண்டு வரிசை வேண்டும். விண்டோஸ் அமெரிக்க முறையில் இருக்கும் கணினியில் 05/06/2019 என்று அடித்தால் மே 6 ஆகிறது. 13/06/2019 என்றால் ஜூன் 13 என்றே ஏறுகிறது. இரண்டுக்கும் எச்சரிக்கை வருவதில்லை.

4. தமிழ் உள்ளீடு யூனிகோடில் மட்டுமே நடக்க வேண்டும். பழைய எழுத்துருக்களில் அடித்தவை திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கோப்பினுள் வேறு குறியீடுகளாகவே இருக்கின்றன. யூனிகோடில் தேடினால் அகப்படுவதில்லை. தமிழக அரசு 2010இல் யூனிகோடை ஏற்று ஆணையிட்டுள்ளது. பழைய பதிவுகளை எழுத்துரு மாற்றும் மென்பொருளால் யூனிகோடுக்கு மாற்றி, தமிழ்99 விசைப்பலகையுடன் தட்டச்சுப்பொறி விசைப்பலகையையும் அனைத்துக் கணினிகளிலும் நிறுவ வேண்டும்.

5. தரவுக்குப் பாதுகாப்பு வேண்டும். அனைவரும் ஒரே கோப்பைத் திறந்து வேலை செய்யும்போது மின்சாரமோ இணைப்போ துண்டானால் கோப்பு பழுதாகும் வாய்ப்புண்டு. அட்டவணைகளைச் சர்வரில் தனிக் கோப்பாகவும் படிவங்களை அவரவர் கணினியிலும் வைக்க வேண்டும். தினமும் மாலை நகல் எடுப்பதுடன், கணினிகளுக்கு யுபிஎஸ் வசதியும் தர வேண்டும். ஆக்சஸ் கோப்பு ஒன்றின் உச்ச அளவு 2 ஜிபி என்பதால் அட்டைப்படங்களை அதனுள் சேர்க்கக் கூடாது.

6. கூலிப் பிடித்தத்தை நிறுத்த வேண்டும். பிழையுள்ள பதிவைத் திருத்தத் திருப்பித் தரும் முறையைக் கொண்டுவர வேண்டும். மேற்கண்ட அமைப்புக் குறைகளால் நேர்ந்த பிழைகளுக்கு இதுவரை பிடித்த தொகையைத் திருப்பி வழங்க வேண்டும்.

இவற்றில் முதல் மூன்றும் இப்போதுள்ள மென்பொருளிலேயே செய்யக்கூடியவை. புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. எனவே, அடுத்த கிளையின் பதிவேட்டைத் தொடங்கும் முன் மென்பொருள் அமைத்தவர், சரிபார்ப்பாளர்கள், எங்கள் பிரதிநிதிகள் ஆகியோரை அழைத்துப் பேசி, உரிய ஆணை பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர்
மற்றும் சங்க உறுப்பினர்கள்.