அமெரிக்கப் பள்ளிதான் பாதுகாப்பா?

வெளிநாட்டுக்கு வேலை மாற்றலாகிப் போகும் அமெரிக்கக் குடும்பங்களிடையே ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. பிள்ளைகளை அமெரிக்கப் பள்ளியிலோ ஆங்கிலவழிச் சர்வதேசப் பள்ளியிலோ சேர்ப்பதுதான் பாதுகாப்பு. உள்ளூர் அரசுப் பள்ளியில் சேர்த்தால் பிள்ளை மொழி புரியாமல் தவிக்கும், ஊர் திரும்பும்போது வகுப்பில் பின்தங்கும், அமெரிக்கக் கல்லூரியில் இடம் கிடைப்பதும் சந்தேகம் என்பது அதன் சாரம். இவற்றில் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்தக் கொஞ்ச உண்மையை எல்லா வயதுக்கும் எல்லா ஊருக்கும் பொருந்தும் விதியாக நீட்டும்போதுதான் தவறு நேர்கிறது. இதைச் சோதித்துப் பார்க்க ஜெர்மனி நல்ல களம். படைத்தளம், தொழில் நிறுவனம், ஆராய்ச்சிக்கூடம் என்று அமெரிக்கர்கள் அங்கே போய்ச் சேரக் காரணங்கள் பல. அவர்கள் முன் இருக்கும் பள்ளி வகைகளும் பல.

‘அமெரிக்கப் பள்ளி என்றால் அமெரிக்காவின் ஒரு துண்டு’ என்பது முதல் வாதம். அமெரிக்க அரசு நேரடியாக நடத்தும் பள்ளிகள் ஜெர்மனியில் இருக்கத்தான் செய்கின்றன. இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டே, 1946இல், படைவீரர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டவை அவை. இன்றும் ராம்ஸ்டைன், ஸ்டுட்கார்ட், வீஸ்பாடன் போன்ற இடங்களில் பாதுகாப்புத் துறையின் கல்விப் பிரிவு அவற்றை நடத்துகிறது. ஆனால் அவை படையினர், பாதுகாப்புத் துறை ஊழியர்கள் ஆகியோரின் பிள்ளைகளுக்கானவை. ஒரு மருந்து நிறுவனத்தில் வேலைக்கு வந்தவரின் பிள்ளைக்கு அங்கே உரிமை கிடையாது. இடம் மிஞ்சினால் கட்டணம் கட்டிச் சேரலாம், அவ்வளவுதான். மற்ற நாடுகளில் ‘அமெரிக்கன்’ என்ற பெயரைத் தாங்கி நிற்கும் பள்ளிகள் பெரும்பாலும் தனியார் அமைப்புகள். அமெரிக்க வெளியுறவுத் துறையின் வெளிநாட்டுப் பள்ளிகள் அலுவலகம் 1964 முதல் உலகெங்கும் ஏறத்தாழ 190 பள்ளிகளுக்கு உதவி செய்துவருகிறது. எதையும் அது நடத்துவதில்லை. பள்ளியின் தரத்தை ஏதாவதொரு அமெரிக்க அங்கீகார அமைப்பு சான்றளித்திருக்கிறதா என்பது ஆவணத்தில் பார்க்க வேண்டிய செய்தி. அதைப் பெயர்ப்பலகை சொல்லாது.

பெயர் ஒன்றாகவும் பிள்ளைகள் வேறாகவும் மாறிப்போவதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. கொடைக்கானலில் 1901இல் ஒரு பள்ளி தொடங்கியது. தென்னிந்தியாவில் பணிசெய்த அமெரிக்க மிஷனரிகள், படிப்புக்காகப் பிள்ளைகளைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டு ஆண்டுக்கணக்கில் பிரிந்திருக்க வேண்டியிருந்த காலம் அது. அந்தப் பிரிவைத் தவிர்க்கப் பிறந்த பள்ளி. 1970களில் அது இன்டர்நேஷனல் பேக்கலாரியேட் எனும் ஐ.பி. பாடத்திட்டத்துக்கு மாறி, சர்வதேசப் பள்ளி என்று பெயரும் மாற்றிக்கொண்டது. இன்று அங்கே படிப்பவர்களில் அமெரிக்கர்கள் சிறுபான்மையினர். இது குறை அன்று. அமெரிக்காவை அங்கே தேடிப் போகும் பெற்றோர் மட்டும் ஏமாறுவார்கள்.

இரண்டாவது வாதம்தான் பெற்றோரின் தூக்கத்தைக் கெடுப்பது: அமெரிக்கப் பள்ளி டிப்ளமா இல்லாவிட்டால் அமெரிக்கக் கல்லூரி கைவிட்டுப் போகும் என்பது. உண்மை வேறு. அமெரிக்கக் கல்லூரிகள் ஆண்டுதோறும் உலகின் எல்லா மூலைகளிலிருந்தும் மாணவர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. பிற நாட்டு மதிப்பெண் பட்டியல்களைப் படிக்கத் தெரிந்த அலுவலர்கள் அங்கே இருக்கிறார்கள். ஜெர்மனியின் அபிட்டூர், பிரான்சின் பக்கலோரேயா, இங்கிலாந்தின் ஏ லெவல், ஐ.பி. ஆகிய நான்கும் அவர்களுக்குப் பழகிய சான்றிதழ்கள். அபிட்டூரில் நல்ல மதிப்பெண் எடுத்தவருக்கு முதலாண்டுப் பாடங்கள் சிலவற்றுக்கான கிரெடிட்டைத் தரும் கல்லூரிகளும் உண்டு. கேட்கும் இடங்களுக்கு எஸ்.ஏ.டி. தேர்வை வெளிநாட்டிலேயே எழுதிக்கொள்ளலாம்.

இதே கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பதில்லை என்பதுதான் விந்தை. அமெரிக்க டிப்ளமாவோடு ஜெர்மன் பல்கலைக்கழகத்துக்குப் போனால் என்ன ஆகும்? டிப்ளமா மட்டும் போதாது. குறிப்பிட்ட பாடங்களில் அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் தேர்வுகள், அல்லது அமெரிக்கக் கல்லூரியில் சில காலம் படித்திருத்தல், அல்லது நுழைவுக்கு முந்திய ஆயத்தப் படிப்பு என்று நிபந்தனைகள் வரும். அபிட்டூர் முடித்த அமெரிக்கப் பிள்ளைக்கு இந்தத் தடை ஏதும் கிடையாது. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணமே இல்லை. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஜெர்மனியிலேயே அபிட்டூர் எழுதியவர்களுக்கு அதிலும் விலக்கு. ஆக, உள்ளூர்ச் சான்றிதழ் இரு கரைகளிலும் செல்லும்; பாதுகாப்பு என்று கருதப்படும் சான்றிதழ் ஒரு கரையில்தான் தடையின்றிச் செல்லும். கல்லூரி விஷயத்தில் பெற்றோர் உண்மையிலேயே கவலைப்பட வேண்டியது வேறொன்று. வெளிநாட்டில் பல ஆண்டு இருந்தால் சொந்த மாநிலத்தவர் என்ற தகுதியும், அதனால் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிடைக்கும் குறைந்த கட்டணமும் போய்விடக்கூடும். விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். எந்தப் பள்ளியில் படித்தாலும் இந்த ஆபத்து ஒன்றேதான்.

மொழி பற்றிய மூன்றாவது வாதம் நிதானமாகப் பார்க்க வேண்டியது. ஏனென்றால் இதற்கு எதிர்க்கட்சியும் அதே அளவு தவறாகப் பேசுகிறது. ஒரு தரப்பு, பிள்ளை மொழியில் மூழ்கிப்போகும் என்கிறது. மறு தரப்பு, ஆறே மாதத்தில் ஜெர்மன்காரப் பிள்ளையாகிவிடும் என்கிறது. கனடாவில் குடியேறியவர்களின் பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ் 1979இல் ஒரு வேறுபாட்டை முன்வைத்தார். விளையாட்டு மைதானத்தில் பேசும் மொழி வேறு, பாடப்புத்தகத்தை வாசித்து விடையெழுதும் மொழி வேறு. முதலாவது இரண்டு ஆண்டுக்குள் வந்துவிடும். இரண்டாவது சக மாணவர்களின் நிலையை எட்ட 5 முதல் 7 ஆண்டு வரை பிடிக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சரளமாகப் பேசுவதைக் கேட்டு மகிழும் பெற்றோர், அறிவியல் தேர்வில் மதிப்பெண் சரிவதைக் கண்டு திகைப்பது இதனால்தான்.

அமெரிக்காவில் ஆங்கிலம் கற்கவந்த பிள்ளைகளைப் பற்றி வர்ஜீனியா காலியர் 1987இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. பாடமொழியை மிக வேகமாகப் பிடித்தவர்கள் 8 முதல் 11 வயதுக்குள் வந்தவர்கள். ஐந்தாறு வயதில் வந்தவர்கள் அவர்களைவிடத் தாமதமாகவும், 12 வயதுக்குமேல் வந்தவர்கள் எல்லாரையும்விடச் சிரமப்பட்டும் கற்றார்கள். தாய்மொழியில் எழுதப் படிக்க உறுதியான அடித்தளம் இருந்தவர்கள் முந்திக்கொண்டார்கள் என்பது அதற்கான விளக்கம். சின்ன வயதுதான் எப்போதும் நல்லது என்ற பொதுப்புத்தி இங்கே பொய்க்கிறது.

ஜெர்மனியில் இந்தக் கணக்கோடு இன்னொரு கணக்கும் சேர்கிறது. பெரும்பாலான மாநிலங்களில் தொடக்கப் பள்ளி நான்காம் வகுப்போடு முடிகிறது. பெர்லினிலும் பிராண்டன்பர்க்கிலும் ஆறாம் வகுப்போடு. அதன்பின் பிள்ளைகள் தரம் பிரிக்கப்படுகிறார்கள். பல்கலைக்கழகத்தை நோக்கிய பள்ளிக்குக் கிம்னாசியம் என்று பெயர். உடற்பயிற்சிக் கூடத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பவேரியாவில் நான்காம் வகுப்பில் ஜெர்மன், கணிதம், சூழ்நிலையியல் மூன்றிலும் சேர்த்துச் சராசரி 2.33 அல்லது அதைவிட நல்ல மதிப்பெண் இருந்தால்தான் பொதுவாகக் கிம்னாசியத்துக்குத் தகுதிச் சான்று கிடைக்கும். அங்கே 1 என்பதுதான் முதல் தரம். ஒன்பதரை வயதில் அங்குள்ள மியூனிக்கில் வந்திறங்கும் பிள்ளை, மொழி கைகூடுமுன்பே இந்த வாசலில் நிற்கும். அதே பிள்ளை பெர்லினுக்கு வந்தால் இரண்டு ஆண்டு அவகாசம் கிடைக்கும். புதிதாக வந்தவர்களுக்கு ஜெர்மன் கற்பிக்கும் வரவேற்பு வகுப்பும் உண்டு. ஆகவே ‘உள்ளூர்ப் பள்ளி ஆபத்து’ என்ற வாக்கியம் மியூனிக்கில் சில வயதினருக்கு உண்மை. பெர்லினில் அதே வயதினருக்கு உண்மை இல்லை.

உள்ளூர்ப் பள்ளி என்றாலே ஜெர்மன் மட்டும் பேசும் பள்ளி என்று கொள்வதும் பிழை. 1960இல் தொடங்கி, கென்னடி கொல்லப்பட்டபின் அவர் பெயரைச் சூட்டிக்கொண்ட பெர்லின் பள்ளி ஓர் அரசுப் பள்ளி. இரு மொழியிலும் பாடம் நடக்கிறது, அபிட்டூரும் அமெரிக்க டிப்ளமாவும் இரண்டுமே அங்கே பெறலாம், கட்டணம் இல்லை. இடம் கிடைப்பதுதான் கஷ்டம். இருமொழியில் கற்பிக்கும் அரசு ஐரோப்பியப் பள்ளிகளையும் அந்த நகரம் 1992 முதல் நடத்திவருகிறது.

நான்காவது, ஊர் திரும்பினால் பின்தங்கும் என்ற அச்சம். எந்த அமெரிக்காவுக்குத் திரும்புகிறார்கள் என்று முதலில் கேட்க வேண்டும். நாடு முழுமைக்குமான பாடத்திட்டம் அமெரிக்காவில் கிடையாது. கல்வி மாநிலங்களின் கையில் இருக்கிறது. 2010இல் வந்த பொதுத் தர அளவுகோல்களைப் பெரும்பாலான மாநிலங்கள் ஏற்றபோதும் டெக்சஸ் ஏற்கவில்லை. டெக்சஸிலிருந்து மாசசூசெட்ஸுக்கு வீடு மாறும் பிள்ளைக்கும் பாட இடைவெளி வரும். அதற்காக யாரும் வேலை மாற்றத்தை மறுப்பதில்லை. உண்மையான சிக்கல்கள் சிறியவை, முன்கூட்டியே தெரிந்தவை. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி இயற்கணிதத்தையும் வடிவியலையும் தனித்தனி ஆண்டுப் பாடமாக வைக்கிறது. ஜெர்மன் பள்ளி ஆண்டுதோறும் இரண்டையும் கலந்து கற்பிக்கிறது. மதிப்பெண் பட்டியலில் வெறுமனே ‘கணிதம்’ என்றிருந்தால் எதற்கு எத்தனை கிரெடிட் என்று திரும்பிய பள்ளியில் வழக்காட வேண்டியிருக்கும். பாடத் தலைப்புகளை ஆண்டுதோறும் எழுதி வாங்கி வைத்துக்கொண்டால் தீர்ந்தது. அமெரிக்க வரலாறு விடுபட்டிருக்கும். அதைத் திரும்பியபின் படிக்கலாம். ஆங்கிலக் கட்டுரை எழுதும் பழக்கம் மட்டும் தானாக வராது. வீட்டில் ஆங்கிலம் பேசுவதால் எழுத்தும் வந்துவிடும் என்று விட்டுவிடும் பெற்றோர்தான் பின்னால் வருந்துகிறார்கள்.

நண்பர்களைப் பற்றிய வாதத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். தன் இனத்தாரோடு இருந்தால் பிள்ளை மனம் வாடாது என்கிறார்கள். சர்வதேசப் பள்ளியில் படிப்பவர்கள் தூதரக, நிறுவனப் பணி மாற்றத்தோடு வந்து போகிறவர்கள். ஒவ்வோர் ஆண்டு ஜூன் மாதமும் பிரிவுபசாரம் நடக்கும். பெற்றோரின் பணியால் நாடு விட்டு நாடு வளரும் இப்பிள்ளைகளை ‘மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்’ என்று முதலில் அழைத்தவர் அமெரிக்கச் சமூகவியலாளர் ரூத் ஹில் யூசீம். 1950களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கர்களை ஆராய்ந்தபோது கிடைத்த பெயர் அது. அந்தப் பிள்ளைகளின் துயரங்களில் முதன்மையானதாகப் பின்னால் பேசப்பட்டது, மீண்டும் மீண்டும் நண்பர்களை இழப்பது. உள்ளூர்ப் பள்ளியில் விட்டுப் போவது தன் பிள்ளை ஒன்றுதான். மற்றவர்கள் அங்கேயே இருப்பார்கள், கோடையில் போய்ப் பார்க்கலாம்.

‘கம்பெனிதானே கட்டுகிறது’ என்பது வாதம் அன்று, ஆறுதல். ஜெர்மனியின் பெருநகரச் சர்வதேசப் பள்ளிகளில் மேல்வகுப்புக் கட்டணம் ஆண்டுக்கு 20,000 யூரோவைத் தாண்டுவது சாதாரணம். தனியார் நிறுவனம் அதைக் கட்டினாலும் அமெரிக்க வரிச் சட்டம் அதைப் பொதுவாக ஊழியரின் வருமானமாகவே எண்ணும். அந்த வரிச்சுமையை யார் ஏற்பது என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். மூன்றாண்டு முடிந்து, வெளிநாட்டுப் படிகள் நீங்கி, உள்ளூர்ச் சம்பளத்துக்கு மாற்றப்படும் ஊழியர் அப்போதும் ஜெர்மன் தெரியாத பதின்மூன்று வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு நிற்பார். உள்ளூர்ப் பள்ளிக்கு அனுப்பியிருக்கலாமே என்று அவர் எண்ணும் நேரம், காலியரின் ஆய்வுப்படி, மிக மோசமான நேரம்.

சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளையின் பெற்றோர் இரு பக்கமும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் 1975 முதல் சட்டம் உறுதிசெய்யும் தனிக் கல்வித்திட்டம் வெளிநாட்டுத் தனியார் பள்ளியைக் கட்டுப்படுத்தாது. பெயரில் அமெரிக்கா இருந்தாலும் அது ‘எங்களிடம் வசதியில்லை’ என்று சொல்லிவிடலாம். ஜெர்மன் அரசுப் பள்ளி அப்படிக் கைவிரிக்காது. ஆனால் இத்தகைய பிள்ளைகளைத் தனிப் பள்ளிக்கு அனுப்பும் பழைய வழக்கம், 2009இல் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை அந்நாடு ஏற்றபின்னும் மறையவில்லை. எதுவும் வேண்டாம், வீட்டிலேயே கற்பிக்கலாம் என்று அமெரிக்கர் எளிதாக எண்ணுவார். ஐம்பது மாநிலங்களிலும் அதற்கு அனுமதி உண்டு. ஜெர்மனியில் சட்டம் அதை அனுமதிப்பதில்லை. அந்தத் தடைக்கு எதிராக ஒரு குடும்பம் தொடுத்த வழக்கை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2006இல் ஏற்க மறுத்துவிட்டது.

உள்ளூர்ப் பள்ளிக்கு எதிராகச் சொல்லத்தக்க வலுவான காரணம் யார் வாயிலும் வருவதில்லை: பல தொடக்கப் பள்ளிகள் நண்பகல் தாண்டியதும் விட்டுவிடும். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் பிற்பகலுக்கு யார் என்பது பாடத்திட்டத்தைவிடப் பெரிய கேள்வி. தொடக்கப் பள்ளியில் முழுநாள் பராமரிப்புக்கான சட்ட உரிமை, 2026 ஆகஸ்டில் முதல் வகுப்பிலிருந்து படிப்படியாக நடைமுறைக்கு வரும்படி அந்நாடு சட்டம் இயற்றியது.

பதினாறு வயதில், இரண்டே ஆண்டு தங்க வரும் பிள்ளைக்கு அமெரிக்கப் பள்ளியோ ஐ.பி. பள்ளியோதான் சரி, அதில் மறுப்புக்கு இடமில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒரு நாடு என்று மாறிக்கொண்டே இருக்கும் தூதரகக் குடும்பத்துக்கும் அப்படியே. ஏழு வயதில், எத்தனை ஆண்டு என்று முடிவாகாமல் வரும் பிள்ளைக்கு நடந்துபோகும் தொலைவிலுள்ள அரசுத் தொடக்கப் பள்ளியே முதல் தேர்வாக இருக்க வேண்டும். அங்கே கல்விக் கட்டணம் கிடையாது. முதல் வகுப்பில் சேரும் பிள்ளையாக இருந்தால், முதல் நாளன்று கையில் ஏந்திப் போகும் மிட்டாய் நிரப்பிய பெரிய காகிதக் கூம்பைப் பெற்றோர்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும்.