உரும்பிராயும் ஊர்ப்பெயர்ச் சிரிப்பும்

ஊர்ப் பெயரைக் கேட்டுச் சிரிப்பது உலகெங்கும் உள்ள பழக்கம். வேல்ஸ் நாட்டில் ஐம்பத்தெட்டு எழுத்துகளால் ஆன பெயருடைய சிற்றூர் ஒன்று உண்டு. அதன் பெயர்ப் பலகையின் முன் நின்று படம் எடுப்பதற்கென்றே பயணிகள் அங்கே போகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பயணிகளைக் கவர்வதற்காகவே நீட்டிவைத்த பெயர் அது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வருகிறவர் அப்படி ஓர் ஊரைத் தேடி அலைய வேண்டியதில்லை. மூளாய், மீசாலை, குப்பிழான், எழுதுமட்டுவாள், பண்டத்தரிப்பு, புன்னாலைக்கட்டுவன் என்று வழிநெடுகப் பலகைகள் நிற்கின்றன. சிரிக்க வைப்பதற்காக எவரும் வைத்த பெயர்கள் அல்ல இவை.

நான் பணியாற்றிய நாளிதழ் ஒன்றில், வெளியூரிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த உதவியாசிரியர் ஒருவர், 'மூளாய் வைத்தியசாலை' என்று வந்த செய்தியை 'மூளை வைத்தியசாலை' என்று திருத்தி அச்சுக்கு அனுப்பிவிட்டார். குடாநாட்டில் மூளைக்கெனத் தனி மருத்துவமனை எப்போது திறந்தார்கள் என்று மறுநாள் வாசகர்கள் தொலைபேசியில் விசாரித்தார்கள். அலுவலகமே சிரித்தது. சிரிப்பதில் தவறில்லை. சிரித்துவிட்டு, அப்பெயர் எப்படி வந்தது என்று கேளாமல் நகர்ந்துவிடுவதுதான் நம் குறை.

உரும்பிராயையே எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாண நகரிலிருந்து பலாலி வீதியில் வடக்கே போனால் கந்தர்மடம், திருநெல்வேலி, கோண்டாவில் ஆகியவற்றைக் கடந்து இந்தச் செம்மண் ஊர் வரும். வாழையும் வெங்காயமும் புகையிலையும் விளைந்த தோட்டங்கள், ஆழமான கிணறுகள். 1974ஆம் ஆண்டு யூன் 5ஆம் திகதி சயனைட் அருந்தி உயிர்விட்ட பொன். சிவகுமாரனின் ஊர் என்றே வெளியில் பலர் இதனை அறிவர். பெயரின் பொருளைக் கேட்டால் ஊரவர்களே சற்றுத் தயங்குவார்கள்.

வயதைக் குறிக்கும் பிராயத்துக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை. பிராய் என்பது ஒரு மரத்தின் பெயர். பராய் என்றும் சொல்வர். இதன் இலை சொரசொரப்பானது. மரவேலை செய்வோர் உரைதாள் போல அதைப் பயன்படுத்தினர். திருச்சிக்கு மேற்கே காவிரியின் தென்கரையில் உள்ள திருப்பராய்த்துறை இந்த மரத்தால் பெயர் பெற்ற தலம்; இன்றும் அதுவே அக்கோயிலின் தல மரம். உரும் என்ற சொல்லுக்கு அகராதி தரும் பொருள் இடி. நண்பகல் வெயில் நேரத்தை 'உச்சி உருமம்' என்று நம் மூத்தோர் சொல்வார்கள். இடி விழுந்த பிராயோ, உச்சி வெயிலில் வழிப்போக்கருக்கு நிழல் தந்த பிராயோ, எந்த விளக்கத்தை நீங்கள் விரும்பினாலும் நடுவில் அந்த மரம் நிற்கிறது. அதை நேரிற் கண்டவர்கள் இன்று மிகக் குறைவு. நாம் மறந்த மரத்தைப் பெயர்ப் பலகை நினைவில் வைத்திருக்கிறது.

மரம் போலவே நீரும். கொக்குவில், கோண்டாவில், இணுவில், உடுவில், மட்டுவில், நுணாவில், மந்துவில், மிருசுவில். புதிதாக வருபவர்கள் அம்பெய்யும் வில்லை நினைத்துக்கொள்கிறார்கள். இந்த வில் நீர் தேங்கும் இடம். கொக்கு வந்து நின்ற நீர்நிலை, நுணாமரம் நின்ற நீர்நிலை என்று விரித்துப் பார்த்தால் ஊர் கண்முன் வரும். உரும்பிராய்க்கு அயலில் நீர்வேலி. அதற்கு வடக்கே, எவ்வளவு இறைத்தாலும் வற்றாது என்று பெயர்பெற்ற நிலாவரைக் கிணறு. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாத நாடு இது. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றுக்கே ஆறு என்ற மரியாதையைக் கொடுத்திருக்கிறோம். மலையும் இல்லை. கீரிமுகம் கொண்ட நகுல முனிவர் நீராடி முகம் மாறினார் என்ற கதையுடைய கீரிமலையில் ஏறுவதற்கு ஒரு குன்றுகூடக் கிடையாது. இத்தகைய நிலத்தில் சுண்ணாம்புக்கல் தேக்கிவைக்கும் மழைநீரே குடிநீர். எனவே நீர் எங்கே நிற்கும் என்பதை முன்னோர் பெயரிலேயே எழுதிவைத்தார்கள். 2008ஆம் ஆண்டு நவம்பரில் நிஷா சூறாவளி கொணர்ந்த மழை தாழ்ந்த நிலங்களை மூழ்கடித்ததைக் கண்டவர்கள், ஒரு பள்ளத்தை நிரவி வீடு கட்டுமுன் அதன் பழைய பெயரை விசாரிப்பது நல்லது.

வெளியார் வைத்த பெயர்களோடு இவற்றை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், நம் தீவுகளுக்குத் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். காரைதீவு அம்ஸ்ரடாம் ஆனது; அனலைதீவு ரொட்டர்டாம்; புங்குடுதீவு மிடில்பேர்க்; நெடுந்தீவு டெல்ப்ட். ஊர்காவற்றுறைக்கு அருகே கடலுக்கு நடுவில் உள்ள கோட்டையின் பெயர் ஹம்மன்ஹீல். பன்றித்தொடையின் குதிகால் என்பது அதன் பொருள். இலங்கையின் வரைபடம் உப்பிட்ட பன்றித்தொடை போல அவர்கள் கண்ணுக்குத் தோன்றியது. அதன் நுனியில் கோட்டை இருந்தது. குடாநாட்டிலேயே ஆக வேடிக்கையான பெயர் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஊரவன் நிலத்தில் நின்று பெயர் வைத்தான். ஆளவந்தவன் வரைபடத்தை மேசையில் விரித்துப் பெயர் வைத்தான். அம்ஸ்ரடாமும் ரொட்டர்டாமும் போய்விட்டன. டெல்ப்ட் மட்டும் ஆங்கிலப் பலகைகளில் எஞ்சியிருக்கிறது.

இடப்பெயர் நம் நாட்டில் அரசியல் வழக்காகவும் ஆகியிருக்கிறது. 1916இல் பிரித்தானிய சிவில் சேவை அதிகாரி ஹோர்ஸ்பரோ, குடாநாட்டில் சிங்கள இடப்பெயர்கள் இருப்பதாக ஒரு கட்டுரை எழுதினார். சிங்களத்தில் நீர்நிலையைக் குறிக்கும் 'வில' என்ற சொல் உண்டு. கொடிகாமம், வீமன்காமம் முதலியவற்றில் வரும் காமம் என்பதைக் கிராமம் என்ற சொல்லோடும் சிங்களத்தின் 'கம'வோடும் இணைத்துப் பேசினர். தமிழ் அறிஞர்கள் மறுத்து எழுதினார்கள். அந்த வாதம் இன்றும் முடியவில்லை. சொல்லாராய்ச்சியாக இருக்கும்வரை அது நல்ல வாதம். சொல்லின் வேரைக் காட்டி, இது உங்கள் நிலம் அன்று என்று சொல்லத் தொடங்கும்போதே அது கெட்டுப்போகிறது. அயலயலாக வாழ்ந்த இரு மொழிகள் குளத்துக்கும் ஊருக்கும் சொல்லைப் பகிர்ந்துகொள்வது இயல்பு. சொல்லின் வேர் காணி உறுதி ஆகாது. இதைச் சிங்களவருக்கும் சொல்கிறேன். அதற்கு அஞ்சி நம் பெயர்களுக்கு அவசர அவசரமாகத் தூய தமிழ் விளக்கம் புனைகின்ற நம்மவருக்கும் சொல்கிறேன்.

பெயரை மாற்றிவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஆங்கிலத்தில் ஆபாசமாக ஒலிக்கும் பெயரைக் கொண்ட ஆஸ்திரியச் சிற்றூர் ஒன்று, பயணிகள் பெயர்ப் பலகையைத் திருடிச் செல்வதைப் பொறுக்கமாட்டாமல் 2021 சனவரி முதலாம் திகதி தன் பெயரை மாற்றிக்கொண்டது. தமிழ்நாட்டரசு 2020 யூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. நோக்கம் நல்லது. ஆனால் வேலூரின் புதிய எழுத்துக்கூட்டலை மக்கள் 'வீலூர்' என்று வாசித்துச் சிரித்தார்கள். சில நாள்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. பலாலியில் இருந்த விமான நிலையம் 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் ஆயிற்று. ஆனாலும் ஊரவர் வாயில் அது பலாலிதான்.

மாற்றத்துக்கு நியாயமான ஓர் இடம் உண்டு. ஒரு பெயர் அங்கே வாழ்பவரைச் சாதி சொல்லி இழிவுபடுத்துமானால், அதை மாற்ற வேண்டுமா என்று தீர்மானிக்கும் உரிமை அவர்களுடையது. பழமை என்று சொல்லி அதைக் காக்கும் உரிமை மற்றவர்களுக்கு இல்லை. நாகரிகமாக ஒலிக்கவில்லை என்பதற்காக மட்டும் ஒரு பெயரை மாற்றுவது வேறு விடயம். குப்பிழான் என்று சொல்ல நாணுகிறவர், அது குப்பிழாய் என்ற செடியால் வந்த பெயர் என்று ஊரவர் சொல்வதைக் கேட்டால் நாணமாட்டார்.

பெரிய ஊர்ப் பெயர்களைப் பற்றி எனக்கு அதிகம் கவலையில்லை. பேருந்துப் பலகையிலும் தபால் முத்திரையிலும் அவை வாழும். மறைந்துகொண்டிருப்பவை சின்னப் பெயர்கள். யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு காணிக்கும் பெயர் உண்டு. போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் விரித்த தோம்புகளில் அவை பதிவாயின. இன்றைய உறுதிகளிலும் தொடர்கின்றன. இரண்டு பரப்புக் காணிக்கும் ஒரு பெயர். கலட்டி என்றால் கல் நிலம், புலம் என்றால் பயிர் நிலம், அடைப்பு, வளவு என்று முடிபைக் கொண்டே மண்ணின் தரத்தை அறியலாம். உறுதியில் எழுத்து இருக்கிறது. அந்தப் பெயரைச் சொன்னால் இன்ன வேலிக்கு இப்பால் என்று கைகாட்டக்கூடிய ஆள்தான் இல்லாமற் போகிறார்.

காரணம் நமக்குத் தெரிந்ததே. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் ஊர்களை விட்டு வெளியேறினார்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்கு நடந்தது. புகையிரத நிலையப் பெயர்களாக மட்டும் தெரிந்திருந்த மீசாலையும் கொடிகாமமும் மிருசுவிலும் அன்றைக்குப் பல இலட்சம் பேருக்கு முகவரி ஆயின. பிறகு பலர் கடல் கடந்தார்கள். பல பத்தாண்டுகள் பூட்டிக் கிடந்த காணிகள் விடுவிக்கப்பட்டபோது, வேலியும் ஒழுங்கையும் அழிந்த வெளியில் தங்கள் காணியைக் கண்டுபிடிக்க மக்கள் தடுமாறினார்கள். அப்போது உதவியவை ஒரு கிணறு, ஒரு கோயிலடி, ஒரு முதியவரின் ஞாபகம். அந்த முதியவர்களும் இப்போது குறைந்து வருகிறார்கள்.

'உரும்பிராயைப் பிறப்பிடமாகவும் ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்ட' என்று தொடங்கும் மரண அறிவித்தல்களை நாள்தோறும் வாசிக்கிறோம். ஊர்ப் பெயர் அங்கே தவறாமல் அச்சாகிறது. பிறந்த காணியின் பெயரை எழுதத் தெரிந்தவர்கள் அந்த வீட்டில் எத்தனை பேர்?

செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு பாடசாலையும், ஒவ்வொரு வாசிகசாலையும் தன் ஊரின் காணி, குளம், ஒழுங்கை, சந்தி, கோயிலடிப் பெயர்களை முதியவர்களிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதட்டும். பெயருக்கு விளக்கம் இப்போது வேண்டாம். அதை ஆராய்ச்சியாளர்கள் பிறகு பார்த்துக்கொள்வார்கள். எது எங்கே இருக்கிறது என்பது மட்டும் போதும். பேராசிரியர் இ. பாலசுந்தரம் போன்றோர் ஊர் ஊராக இடப்பெயர்களை ஆராய்ந்து நூல்களாக்கினார்கள். தனி மனிதர்கள் இவ்வளவு செய்ய முடியுமானால், ஓர் ஊர் கூடி ஒரு கொப்பியை நிரப்புவது பெரிய காரியமா? புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்கள் ஒன்றுகூடல் விருந்துக்கு வரும் முதியவர்களிடம் இதே கேள்வியைக் கேட்கலாம்.

அடுத்த முறை உரும்பிராய்ச் சந்தியில் இறங்குபவர்கள், பெயரைக் கேட்டுச் சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரிக்கட்டும். பிறகு அங்கே நிற்கும் வயதான ஒருவரிடம், 'ஐயா, இந்த வளவுக்கு என்ன பெயர்?' என்று கேட்கட்டும்.