மூடிய புண்ணும் முடியாத வேலையும்

தோள்மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில் பெரும்பாலும் இடப்படும் கீறல், காறை எலும்பின் வெளிப்பாதிக்குக் கீழே தொடங்கி, அக்குளின் முன்மடிப்பை ஒட்டியவாறு மேற்கையை நோக்கிச் சாய்வாக இறங்குகிறது. நீளம் 10 முதல் 15 செ.மீ. வரை இருக்கும். தோளை மூடியிருக்கும் டெல்டாய்டு தசைக்கும் மார்புத் தசைக்கும் நடுவே இயல்பாகவே ஓர் இடைவெளி உண்டு என்பதால், தசையை அறுக்காமல் விலக்கியே மூட்டை அடைய இவ்வழி உதவுகிறது. தசைக்குக் கிடைத்த இந்தச் சலுகை தோலுக்குக் கிடைப்பதில்லை. வியன்னாவின் உடற்கூற்றியல் அறிஞர் கார்ல் லாங்கர், பிணங்களின் தோலில் உருண்டையான கூர்முனையால் குத்தியபோது துளைகள் வட்டமாக நில்லாமல் நீண்ட பிளவுகளாக மாறியதைக் கண்டு, தோல் எந்தத் திசையில் இழுபட்டு நிற்கிறது என்பதை 1861இல் வரைந்து காட்டினார். லாங்கர் கோடுகள் எனப்படும் அந்தத் திசைகளைத் தோள்கீறல் பெரும்பாலும் குறுக்கிட்டுச் செல்வதாலும், கையின் ஒவ்வோர் அசைவும் அவ்விடத்தை இழுப்பதாலும், இங்கு விழும் தழும்பு அகன்றும் தடித்தும் போக இடமுண்டு.

தையலோ ஸ்டேப்ளர் பின்னோ 10 முதல் 14 நாட்களுக்குள் எடுக்கப்பட்டதும் புண் ஆறிவிட்டதாக வீட்டார் முடிவுகட்டுவது வழக்கம். உண்மையில் அப்போது தோல் மூடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. கொல்லாஜன் என்னும் நார்ப்புரதத்தை உடல் முதலில் அவசரமாகவும் ஒழுங்கின்றியும் நிரப்பிவிட்டு, பின்னர் ஓராண்டுக்கும் மேலாக அதைக் கரைத்து, மறுபடி உறுதியாகப் பின்னுகிறது. மூன்றாம் வாரத்தில் அந்த இடத்தின் வலு பழைய தோலின் வலுவில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கும். எத்தனை காலம் ஆனாலும் 80 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. மூட்டைத் திறப்பதற்காக விடுவித்து மீண்டும் தைக்கப்பட்ட முன்தசைநாண் எலும்போடு ஒட்டிக்கொள்ளக் குறைந்தது ஆறு வாரம் தேவை என்பதால், மேலே தெரியும் தழும்பின் அழகைப் பார்த்து, நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழத் துணிவது பெரும் பிழை.

முதல் இரண்டு வாரங்களில் செய்யத்தக்கது, சொல்லப்போனால், ஒன்றும் செய்யாமல் இருப்பதே. கட்டு நனையாமல் காப்பதும், மருத்துவர் அனுமதித்த பின், முன்னால் குனிந்து கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு அக்குளைத் துடைத்து உலர்த்துவதும் போதுமானவை. மஞ்சள் குழைத்துப் பூசும் பழக்கம் நல்லெண்ணத்தில் பிறந்ததுதான் என்றாலும், சமையலறை மஞ்சள்தூள் கிருமி நீக்கப்பட்ட பொருளன்று. முட்டையும் மீனும் சீழ் வைக்கும் என்று பத்தியம் காப்பதோ புண்ணுக்கு வேண்டிய புரதத்தையே மறுப்பதாகிறது.

பொருக்கு முழுவதும் தானாக உதிர்ந்து, கசிவும் நின்றபின், மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ இசைந்தால், நீவுதலைத் தொடங்கலாம். விரல்நுனியைத் தழும்பின் மேல் ஓடவிடுவது நீவுதல் ஆகாது. விரலைத் தோலோடு ஒட்டவைத்து, அடியிலுள்ள படலத்தின் மேல் தோல் நகருமாறு மேலும் கீழும், பக்கவாட்டிலும், சிறு வட்டமாகவும் தள்ள வேண்டும். அழுத்தும்போது விரல்நகம் சற்றே வெளுத்தால் அழுத்தம் சரி எனலாம். ஓரிடத்தில் மட்டும் தோல் நகர மறுத்து உள்ளிழுத்தாற்போல் குழிந்தால், அடிப்படலம் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவ்விடத்தில் சற்றுக் கூடுதல் நேரம் செலவிட வேண்டும்.

கடைகளில் விற்கும் தழும்புக் களிம்புகளின் விலைக்கும் பயனுக்கும் தொடர்பு குறைவு. வைட்டமின் ஈ பூசியவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குத் தோல் ஒவ்வாமையே மிஞ்சியது என 1999இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு கண்டது. சிலிக்கோன் ஜெல் தகட்டை நாளுக்கு 12 மணி நேரத்துக்குக் குறையாமல் இரண்டு மூன்று மாதங்கள் ஒட்டி வைப்பதும், ஓராண்டு வரை வெயில் படாமல் துணியாலோ சன்ஸ்கிரீனாலோ மறைப்பதும் அவற்றை விட நம்பத்தக்கவை. கீறலின் எல்லையைத் தாண்டி நல்ல தோலுக்குள்ளும் படரும் கீலாய்டு எனும் தடிப்பு, கருநிறத் தோலிலும் தோள், மார்புப் பகுதிகளிலும் மிகுதி என்பதால், முன்பே அது வந்தவர்கள் அறுவைக்கு முன்னரே சொல்லிவிடுவது நல்லது.

தோளின் எண்ணெய்ச் சுரப்பிகளில் வாழும் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்னும் கிருமி மெதுவாக வளர்வது. ஆய்வகத்தில் அதைக் கண்டுபிடிக்கவே இரண்டு வாரங்கள் வரை காத்திருக்கிறார்கள். மூட்டுக்குள் தொற்றினால், காய்ச்சலும் சீழுமின்றி, பல மாதங்களுக்குப் பின் தீராத வலியாகவும் இறுக்கமாகவும் மட்டுமே அது தலைகாட்டக்கூடும். அழகாக ஆறிய தழும்பு அதற்கு எதிர்ச்சான்று ஆகாது. ஆறிய இடத்தில் புதிதாகத் துளிக்கும் கசிவையோ, களிம்பு பூசி மறைக்காமல், அன்றே காட்ட வேண்டும்.

தழும்பைச் சுற்றியுள்ள தோல் மரத்திருப்பதும் இயல்பே; நீவும் விரல் தோலை உணரும், தோல் விரலை உணராது. கீறலில் அறுபட்ட நுண்நரம்புகள் மாதக்கணக்கில் மெல்ல வளரும்போது எறும்பு ஊர்வது போன்ற குறுகுறுப்பு தோன்றும்; சிலருக்குக் காசு அளவுள்ள ஒரு திட்டு நிரந்தரமாக மரத்தே நின்றுவிடுகிறது. தோள்வலிக்கு வெந்நீர்ப் பை வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் அந்தத் திட்டை விலக்கியே வைக்க வேண்டும், ஏனெனில் கொப்புளம் எழுந்த பிறகுதான் சூடு அதிகம் என்பது அங்கே தெரியவரும்.